ராமப்பனுக்குக் கிடைத்த மூன்று நிமிடம்

ராமப்பனிடம் எதைக் கேட்டாலும், அது தொடங்கிய இடத்திலிருந்துதான் சொல்வார். காலைக் கூட்டத்தில், "நேற்று ஏன் பெட்டி குறைந்தது?" என்று கேட்டால், "நேத்து தளியில மழைங்க சார்" என்று ஆரம்பிப்பார். மழையில் மண் சரிந்து பாதையை மூடியது, முதல் பஸ் நின்று நின்று வந்தது, மதகொண்டப்பள்ளியில் அடுத்த பஸ்ஸில் ஏறவேண்டிய பள்ளிக்கூடக் கூட்டம் இதில் ஏறியது, ரயில்வே கேட் மூடியிருந்தது, பெண்கள் ஷிப்டுக்குள் வரும்போது புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது, ஈரக் கையோடு அட்டைப்பெட்டியைத் தொட்டால் அட்டை ஊறிவிடும் என்பதால் கை காயும்வரை உட்காரவைத்தேன், அதனால் பெட்டி குறைந்தது. பதில் கடைசியில் வந்தே தீரும். அதுவரை பொறுத்திருப்பவருக்கு, கேட்காத இன்னும் நாலு விஷயமும் தெரிந்திருக்கும்.

அவர் ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கான பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தார். தளிக்கு அந்தப் பக்கம் ஊர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ். ஆங்கிலத்தில் படிக்கத் தெரியும், பேச வராது. தொழிற்சாலை தொடங்கிய புதிதில் லாரியில் மூட்டை ஏற்றுகிறவராக வந்து, படிப்படியாக ஒரு பிரிவையே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு உயர்ந்தவர். அவர் பிரிவில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் அவருடைய ஊரையும் பக்கத்து ஊர்களையும் சேர்ந்த பெண்கள். ஒவ்வொருத்தியின் வீட்டுக்கும் போய், "பொம்பளப்புள்ள பத்திரம், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அழைத்து வந்தவர் அவர்தான். அந்த வார்த்தைக்காக, தன் ஷிப்ட் முடிந்த பின்னும் மாலை பஸ்ஸில் எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அவர் ஏறுவார்.

பூபதிக்கு அவரைப் பிடிக்கும். பூபதி முசிறிக்காரன், மெக்கானிக்கல் படித்துவிட்டு அதே கம்பெனியில் உற்பத்தித் திட்டமிடலில் இருந்தான். ராமப்பன் ஏழெட்டு வயது மூத்தவர் என்றாலும் இவனை 'சார்' என்பார். இவன் அவரை 'அண்ணா' என்பான். கேன்டீனில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சாப்பாடு ஆறிப்போகும். ஆனாலும் அங்கேதான் உட்காருவான்.

கூட்டத்துக்கு மணி கட்டியவன் அவனேதான்.

அந்தக் காலத்தில் காலைக் கூட்டம் எட்டரைக்குத் தொடங்கினால் பத்து மணிக்கும் முடியாது. பிரிவுக்கு ஒருவர் என்று எல்லோரும் ஏசி அறையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, கீழே மெஷின்கள் யாரும் பார்க்காமல் நின்றிருக்கும். மேலாளர் மாதேஸ்வரன் ஒருநாள், "இதுக்கு ஏதாச்சும் பண்ணு பூபதி. இந்தக் கூட்டத்துல உக்காந்தே நமக்கெல்லாம் வயசாயிடும்" என்றார். இரண்டாயிரத்து ஏழில் பூபதி இணையத்தில் தேடி, காசில்லாமல் கிடைத்த ஒரு சின்ன டைமர் புரோகிராமைக் கம்ப்யூட்டரில் இறக்கினான். ஒரு பிரிவுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால், சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் எண்கள் ஆளுயரத்துக்கு இறங்கிக்கொண்டே வரும். முதலில் பச்சை, முடிகிற நேரத்தில் மஞ்சள், பிறகு சிவப்பு. சிவப்பானதும் மணி. அந்தப் புரோகிராமில் இருந்த ஓசைகளில் பள்ளிக்கூட மணியைத்தான் அவன் தேர்ந்தெடுத்தான். முதல்நாள் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு வாரத்தில் கூட்டம் ஒன்பதுக்கெல்லாம் முடிய ஆரம்பித்தது. ஒருநாள் மாதேஸ்வரன் பேசிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. அவர் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையைப் பாதியில் விட்டு, கையை விரித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றோடு அந்த மணிக்கு ஒரு மரியாதை வந்தது. 'பூபதி மணி' என்று பெயரும் வந்தது. புனேயில் இருந்த தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டும் வந்தது. பூபதி வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மவுஸைப் பிடித்துக்கொண்டு அந்த மேசையின் ஓரத்தில் உட்காரும்போது அவன் முதுகு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருந்தது.

மணியால் அதிகம் அடிபட்டவர் ராமப்பன். மழை பெய்து, மண் சரிந்து, பஸ் கிளம்பி வந்துகொண்டிருக்கும்போதே அவருடைய நேரம் முடிந்துவிடும். மெஷின் ஷாப் தீர்த்தகிரி விடமாட்டார்.

"ராமப்பண்ணா, பஸ் எங்க வருது?"

"மதகொண்டப்பள்ளி தாண்டலீங்க."

"ஓசூர் வந்ததும் ஒரு மிஸ்டு கால் குடுங்க. நாங்க வந்து கேட்டுக்கறோம்."

எல்லோரோடும் சேர்ந்து ராமப்பனும் சிரிப்பார். மணி அடித்த பிறகு ஒரு சொல் கூட அதிகம் பேசமாட்டார். விளையாட்டின் விதியை ஒப்புக்கொண்டவர் போல வாயை மூடிக்கொண்டு உட்காருவார். மீதியை மதியம் கேன்டீனில் பூபதியிடம் சொல்லி முடிப்பார்.

இரண்டாயிரத்து எட்டின் கடைசியில் வண்டி விற்பனை படுத்தது. ஆர்டர் பாதியாகியது. சிப்காட் முழுக்க ஒரே பேச்சு, எந்தக் கம்பெனியில் எத்தனை பேரை நிறுத்தினார்கள் என்பதுதான். இவர்கள் கம்பெனிக்கும் புனேயிலிருந்து ஓர் இயக்குநர் வருவதாகச் செய்தி வந்தது. ஒவ்வொரு பிரிவின் பொறுப்பாளரும் அவர் முன்னால் தன் பிரிவில் யார் யார் வேண்டும், ஏன் வேண்டும் என்று சொல்லவேண்டும். அங்கேயே முடிவு. நேரம், வழக்கம்போல மூன்று நிமிடம்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ராமப்பன் ஒரு பை நிறைய பீன்ஸோடு பூபதியின் வாடகை வீட்டுக்கு வந்தார்.

"சார், நான் ஒரு வழி யோசிச்சிருக்கேன். அது மூணு நிமிஷத்துல அடங்கணும். நீங்கதான் அடக்கித் தரணும்."

அவருடைய வழி எளிமையானது. யாரையும் நிறுத்தவேண்டாம். இருக்கிற வேலையைப் பெண்கள் எல்லோரும் வாரம் மாற்றி வாரம் பங்கிட்டுக்கொள்வார்கள். ஒரு வாரம் பாதிப் பேர், அடுத்த வாரம் மீதிப் பேர். கம்பெனிக்குப் பாதிக் கூலிதான் ஆகும், யாரும் வீட்டுக்குப் போகவேண்டியதும் இல்லை. பெண்களிடம் கேட்டும் விட்டார், எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள்.

"இதை முதல்லயே சொல்லிடுங்கண்ணா. அப்புறமா காரணம் சொல்லலாம்" என்றான் பூபதி.

ராமப்பன் மறுப்பாகத் தலையை ஆட்டினார். "அது சரியா வராதுங்க சார். போனதும் போகாததுமா கேட்டா பிச்சை கேக்கற மாதிரி இருக்கும். எங்க பக்கம் பொண்ணு கேட்டுப் போனாக்கூட, மழை, வெள்ளாமை, மாடு கன்னு எல்லாம் விசாரிச்சிட்டு எந்திரிக்கறப்பதான் வந்த விஷயத்தச் சொல்லுவாங்க. இந்தப் பொம்பளைங்க எப்படி வேல செய்யறாங்க, எங்கருந்து வர்றாங்கன்னு சொல்லிட்டுக் கேட்டாத்தான் கேக்கறதுக்கு ஒரு மொகம் இருக்கும்."

பூபதி தன் நோக்கியா போனில் மூன்று நிமிடத்தை வைத்து மேசைமேல் நிறுத்தினான். முதல் தடவை போன் கத்தி ஓய்ந்த பிறகும் ராமப்பன் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பூபதி மழையை வெட்டினான். பஸ்ஸை வெட்டினான். கெம்பம்மா என்கிற பெண், கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு ஒருநாள் கூட லீவு போடாமல் வருவதை மட்டும் வெட்டக்கூடாது என்று ராமப்பன் பிடிவாதமாக நின்றார். அதை விட்டுவைத்தான். பூபதியின் மனைவி வினிதா இரண்டாவது காபி கொண்டுவந்தபோது, போன் கத்துவதற்குள் அவர் வாரம் மாற்றி வாரம் வரைக்கும் வந்து முடித்திருந்தார்.

"பாத்தீங்களா சார். பஸ் ஓசூர் வந்துடுச்சு. இறங்கி ஒரு டீயும் குடிச்சாச்சு."

அவர் போன பிறகு வினிதா பீன்ஸைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள். "சுருக்கிப் பேசறப்ப அவரு வேற யாரோ மாதிரி இருக்காருங்க."

"வேற யாரோ மாதிரி இருந்தாத்தான் வேல நடக்கும்" என்றான் பூபதி.

புனேயிலிருந்து வந்தவர் மெலிந்த, மரியாதையான மனிதர். சுவரில் இறங்கும் எண்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, "எக்ஸலன்ட்" என்றார். மாதேஸ்வரன், "நம்ம பூபதி பண்ணினது சார்" என்று இவனைக் காட்டினார். தீர்த்தகிரி தட்டுத்தடுமாறினாலும் ஆங்கிலத்திலேயே பேசி, பாதிப் பேரை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று ஒரே நிமிடத்தில் முடித்து உட்கார்ந்தார். அடுத்து ராமப்பன் எழுந்தார். முழுக்கைச் சட்டையைத் தேய்த்துப் போட்டு வந்திருந்தார். வணக்கம் சொல்லி, தமிழில் முதல் வாக்கியத்தைச் சொன்னதும் இயக்குநர் மாதேஸ்வரனைப் பார்த்தார்.

"பூபதி, நீ டிரான்ஸ்லேட் பண்ணிடு" என்றார் மாதேஸ்வரன்.

பூபதிக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ராமப்பன் என்ன சொல்லப்போகிறார் என்று அவனுக்கு மனப்பாடம். அவர் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்த, இவன் அதை ஆங்கிலத்தில் சொன்னான். நல்ல ஆங்கிலம். கெம்பம்மாவைப் பற்றி ராமப்பன் சொன்னதை இவன் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கூடச் சொன்னான். இயக்குநர் தலையசைத்தபோது, தன் வார்த்தைகள் போய்ச் சேருகின்றன என்று இவனுக்குத் தெரிந்தது. ராமப்பன் மரியாதையாக ஒவ்வொரு முறையும் இவன் முடிக்கும்வரை காத்திருந்தார். சுவரில் எண்கள் மஞ்சளாயின.

"அதனால எங்க பொம்பளைங்க எல்லாரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்காங்க சார்" என்றார் ராமப்பன்.

பூபதி அதை ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கும்போது மணி அடித்தது.

ராமப்பன் வாயை மூடினார். பழக்கம்தான். சுவரைப் பார்த்தார், பூபதியைப் பார்த்தார். பூபதியின் கை மவுஸின் மேல் இருந்தது. அடுத்த வாக்கியம் என்னவென்று அந்த அறையில் அவர்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். பூபதி அதை அவனாகவே சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு நிமிடம் வேண்டும் என்று கேட்டிருக்கலாம். மேலாளரையே உட்காரவைத்த மணியை, தனக்கு வேண்டியவருக்காக நிறுத்தினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் ஒரு கணம் குறுக்கே வந்தது. அந்த ஒரு கணத்தில் இயக்குநர், "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு அடுத்த பிரிவின் பக்கம் திரும்பினார். ராமப்பன் நாற்காலியை ஓசைப்படாமல் இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அன்று தீர்த்தகிரி கூட பஸ் எங்கே வருகிறது என்று கேட்கவில்லை.

மாலைக்குள் முடிவு வந்துவிட்டது. பேக்கிங்கில் ஐந்து பேர் போதும்.

கேட் வரைக்கும் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். குளிர் இறங்கியிருந்தது. ராமப்பன் மஃப்ளரை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

"நேரம்தான் பத்தாம போயிடுச்சுண்ணா" என்றான் பூபதி.

"அப்பிடி இல்லீங்க சார். ஞாயித்துக்கெழம நீங்க அளந்து குடுத்தது சரியாத்தான் இருந்துச்சு." கேட்டுக்கு வெளியே பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். "பாதி நேரம் நீங்க பேசினீங்க. அது என் கணக்குல போயிடுச்சு. அவ்ளோதான்."

குரலில் கோபம் இல்லை. பஸ் தாமதமானதற்குக் காரணம் சொல்வது போலத்தான் சொன்னார். பூபதிக்குக் கால் நின்றுவிட்டது. மொழிபெயர்த்த நேரமெல்லாம் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்ததை, அதை ஓடவிட்ட அவன் அதுவரை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. மூன்று நிமிடம் என்று எல்லோருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டு, இவருக்கு மட்டும் பாதியைத் தன் ஆங்கிலத்துக்கு எடுத்துக்கொண்டிருக்கிறான்.

மறுநாள் காலை மாதேஸ்வரனின் அறைக்குப் போய், வாரம் மாற்றி வாரம் யோசனையைச் சொன்னான்.

"நல்ல ஐடியாதான். நேத்தே சொல்லியிருக்கலாமே."

"மணி அடிச்சிடுச்சு சார்."

"மெயில் போயாச்சு பூபதி. டைரக்டர் ஃபிளைட்டும் ஏறியாச்சு. நீயே மணி அடிச்சிட்டு, நீயே வந்து மறுபடி ஆரம்பிங்கன்னா நான் என்ன பண்ணட்டும்?"

அந்தப் பெண்கள் கடைசியாகப் போன மாலை, ராமப்பன் வழக்கம்போல எல்லோரும் பஸ்ஸில் ஏறும்வரை நின்றார். அவர் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸில் போனார்.

அதற்குப் பிறகு ராமப்பன் மாறிப்போனார். காலைக் கூட்டத்தில் எழுந்து, "நேத்து பெட்டி குறைவு. இன்னிக்கு சரியாயிடும். ஆயித்து சார்" என்று உட்கார்ந்துவிடுவார். கன்னடத்தில் 'முடிந்தது' என்று அர்த்தம். லாரியில் கடைசிப் பெட்டி ஏறிக் கதவைச் சாத்தும்போது மட்டும்தான் முன்பெல்லாம் அந்தச் சொல்லைச் சொல்வார். சுவரில் எண்கள் பச்சை மாறாமலே இருக்கும். "ராமப்பன் எவ்வளவு இம்ப்ரூவ் ஆயிட்டாரு பாருங்க" என்று மாதேஸ்வரன் மற்றவர்களுக்கு எடுத்துக்காட்டினார். பூபதி எண்களை அழித்துவிட்டு அடுத்தவருக்கு வைப்பான்.

கேன்டீனில் பூபதி பக்கத்திலேயே போய் உட்கார்ந்தான்.

"தளியில மழையாண்ணா?"

"லேசா பேஞ்சதுங்க."

"பஸ் நேரத்துக்கு வந்துச்சா?"

"வந்துச்சுங்க சார்."

சாப்பாடு சூடாகவே இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்தான். ராமப்பன் அதற்குள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார். அவர் ஒதுக்கினார் என்றும் சொல்லமுடியாது. வினிதாவை விசாரிப்பார், சீசனில் பீன்ஸ் கொடுத்தனுப்புவார். பேச்சு மட்டும் இல்லை. மூன்று மொழி தெரிந்த மனிதரின் வாயில் இவனுக்கென்று மிச்சமிருந்தது இரண்டு மூன்று சொற்கள்தான்.

அடுத்த ஆண்டு நடுவில் ஆர்டர்கள் திரும்ப வந்தன. வேறொரு ஒப்பந்தக்காரர் வேறு ஊர்களிலிருந்து ஆட்களை வேனில் கொண்டுவந்தார். பழைய பெண்களை யாரும் கூப்பிடவில்லை. பலர் தளிப்பக்கம் ரோஜாப் பண்ணைகளுக்குப் போய்விட்டிருந்தார்கள். புதியவர்களுக்கும் ராமப்பன் பொறுமையாக வேலை சொல்லிக்கொடுத்தார். மாலையில் அவர்களுடைய வேன் கிளம்பும்வரை நின்றும் பார்த்தார்.

மழைக்காலம் முடிகிற சமயம் ஒரு திங்கட்கிழமை காலை, கூட்டத்தில் ராமப்பனின் நாற்காலி காலியாக இருந்தது. அவருடைய முறை வந்ததும் பூபதி பழக்கத்தில் மூன்று நிமிடத்தை ஓடவிட்டுவிட்டான். யாரும் பேசவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்த செக்யூரிட்டி, மாதேஸ்வரனின் காதில் குனிந்து சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இரவு, நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே. சுவரில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. பூபதி அப்போது மவுஸை அழுத்தி அதை நிறுத்தினான்.

மற்றவர்கள் கம்பெனி வேனில் போனார்கள். பூபதி தளி பஸ்ஸில் போனான். மதகொண்டப்பள்ளியில் பஸ் வெகுநேரம் நின்றது. பூக்கூடைகளை ஏற்றினார்கள். இறக்கினார்கள். மறுபடி ஏற்றினார்கள். யாரும் அவசரப்படவில்லை.

அவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வேனும் திரும்பியிருந்தது. ராமப்பனின் மனைவி ராஜாத்தி உள்ளே படுத்திருந்தாள். வாசலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எழுந்து வந்து அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். பச்சை ஸ்வெட்டர். கை முழுக்க முள் கிழித்த கோடுகள். அவனுக்கு முகம் நினைவிருந்தது. கெம்பம்மா.

"பூபதி சார்தான?" என்றாள். "அண்ணா உங்களப் பத்தி ரொம்ப சொல்லுவாருங்க."

அவன் தம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்களுக்காக அந்தப் பெரிய சாருகிட்ட நீங்க எவ்ளோ அழகா இங்கிலீஷ்ல பேசினீங்கன்னு சொன்னாரு. என் கொழந்தய விட்டுட்டு வர்றதக்கூட சொன்னீங்களாமே. எல்லாஞ் சொல்லியும் கம்பெனி ஒத்துக்கலன்னா நீங்க என்ன பண்ணுவீங்க பாவம். சாயங்காலம் பண்ணையிலருந்து நாங்க ஏறற பஸ்லதான் அவரும் வருவாரு, அப்ப அத ஒரு நூறு தடவ சொல்லியிருப்பாரு. மழையில ஆரம்பிச்சு சொல்லுவாரு. நாங்க சிரிப்போம்."

பஸ்ஸில் அவர் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இத்தனை நாளும்.

சாலையில் ஓசூர் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"பஸ் வந்துடுச்சுங்க சார். இத விட்டா அடுத்தது ரொம்ப நேரமாகும்" என்றாள் கெம்பம்மா.

பூபதி திரும்பிப் பார்த்தான். பஸ் நின்று, ஓர் ஆளை இறக்கிவிட்டு, மறுபடி கிளம்பியது. அவன் வாசலில் கிடந்த கல்லின் மேல் உட்கார்ந்தான். அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்லவேண்டும். சொன்ன பிறகு இந்தப் பெண் இப்படித் தண்ணீர் கொடுக்கமாட்டாள். நேரடியாகச் சொன்னால் ஒரு வாக்கியம். மணி அடித்தது, நான் நிறுத்தவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை அவன் வாய்க்குள் வைத்துப் பார்த்தான். அது எங்கேயும் போய்ச் சேராது என்று தோன்றியது.

"அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம" என்று ஆரம்பித்தான், "அண்ணன் எங்க வீட்டுக்கு ஒரு பை பீன்ஸ் எடுத்துட்டு வந்தாரும்மா. ஏழு மணிதான் இருக்கும். அன்னிக்கு ஓசூர்ல நல்ல பனி."

கெம்பம்மா எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.